கை தட்டாதீங்க

கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் கொஞ்சம் உள்ளே தள்ளி வா. மெழுகுவர்த்தியை நடுவில் வை. கரண்ட் வரும்போது வரட்டும். ஒரே ஒரு நிபந்தனை... கதை முடிந்ததும் யாரும் கை தட்டக் கூடாது. சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஏழு மணி. ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு. இரண்டு பக்கமும் கட்டாந்தரை. வீடு கிடையாது, கடை கிடையாது... ஒரு பழைய டயர் குடோன் மட்டும். அதன் வாசலில் சிவப்பு பல்பு, 'பேய் வீடு' என்று ஒரு போர்டு. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பயந்துவிட்டு வரலாம். அந்த ரோட்டில் இரண்டு பேர் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். நம்மோடு அச்சாபீசில் வேலை பார்க்கிறானே, கண்ணாடி என்று கூப்பிடுவோமே, அவனும் அவனுடைய அக்காவும். அக்கா தையல்காரி. அவள் பையில் புதிதாகத் தைத்த வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி இருந்தது.

அக்காவின் புருஷன் அந்தப் பேய் வீட்டில்தான் பேயாக வேலை பார்த்தார். ஆமாம், மாதச் சம்பளப் பேய். கடைசி அறையில் ஒரு சவப்பெட்டி. அதற்குள் படுத்திருந்து, கூட்டம் பக்கத்தில் வந்ததும் மூடியைத் தள்ளிக்கொண்டு எழ வேண்டும். அவ்வளவுதான் வேலை. "பேய்க்கு வாக்கப்பட்டா முருங்கை மரம் ஏறித்தானே ஆகணும்" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். பலகைச் சிலாம்பு குத்திக் குத்தி அவர் உள்ளங்கை புண்ணாகிவிட்டது. அதனால் அவளே கையுறை தைத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் பனியன் துணியை மடித்து மடித்து, மெத்தை மாதிரி வைத்து.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே கத்தினால் யாரும் வர மாட்டார்கள், கத்துவதற்குத்தானே சம்பளம். 'காப்பாத்துங்க' என்றாலும் வர மாட்டார்கள், அதுவும் வசனம்தான். அதனால் பேய்களுக்குள் ஒரு ஏற்பாடு. நிஜமாகவே ஆபத்து என்றால் கை தட்ட வேண்டும். பேய் கை தட்டாது இல்லையா? மாமாவுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. வீட்டிலும் அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். குளியலறையில் துண்டு வேண்டுமா, கை தட்டுவார். தண்ணீர் வேண்டுமா, கை தட்டுவார். அவளும் தைப்பதைப் போட்டுவிட்டு எழுந்து ஓடுவாள்.

ஒரு நாள் யாரோ பெட்டி மேல் சாய்ந்திருக்கிறார்கள். வெளித்தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. உள்ளே புகை மெஷினின் புகை. மாமாவுக்கு ஏற்கெனவே இளைப்பு... அவர் கை தட்டினார். கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம். பெட்டிக்குள்ளிருந்து பேய் தாளம் போடுகிறது என்று அவர்களும் திருப்பித் தட்டினார்கள். அடுத்த கூட்டமும் தட்டியது. வாசலில் இருந்த முதலாளி, "இன்னிக்கு பின்னி எடுக்கறான்யா" என்றாராம். பூட்டும்போதுதான் பெட்டியைத் திறந்தார்கள்.

"நான் வெச்ச துணிதாண்டா சத்தத்தைத் தின்னுடுச்சு" என்று அக்கா தம்பியிடம் சொல்லி அழுதாள். வெறும் கையாக இருந்திருந்தால் வாசல் வரை கேட்டிருக்கும், இல்லையா?

குடோன் கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. பிறகு வேறு ஒருவர் எடுத்து நடத்தினார். இப்போது பெட்டிக்குள் பொம்மை. மோட்டார் சுவிட்சைத் தட்டினால் மூடி திறக்கும், பொம்மை எழும். பழைய ஆட்களில் ஒருவன் மட்டும் மிச்சம். தலையில்லாத பேயாக வருகிறவன். அவனுக்குப் பெயரே தலையில்லாதவன்தான். அவர்கள் பஸ் இறங்கியதற்கு ஒரு வாரம் முன்னால் அவன் அக்காவின் வீட்டுக்கு வந்து ஒரு ஜோடி கையுறையை மெஷின் மேல் வைத்தான்.

"அக்கா, இதே மாதிரி வேற இருந்தா குடுங்க. பொம்மைக்குப் போடணும்."

அக்கா எடுத்துப் பார்த்தாள். அவள் தைத்ததுதான். உள்ளங்கை இரண்டும் தேய்ந்து ஓட்டை. விரல்நுனி, புறங்கை எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. துணி எதனால் எப்படித் தேயும் என்று தையல்காரிக்கா தெரியாது?

"பொம்மைக்கு எப்படிப்பா கை தேயும்?"

அவன் தரையைப் பார்த்தான். "அது கையே அசைக்காதுக்கா. பக்கவாட்டுல ஆணி அடிச்சிருக்கு" என்றான். வீட்டில் மாமாவுடைய கடைசி ஜோடி ஒன்று இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

அதனால்தான் அன்றைக்கு அந்த ரோட்டில் இறங்கினார்கள்.

உள்ளே கறுப்புத் துணிச் சந்து. பழைய ரப்பர் நாற்றம். அதன் மேல் புகை மெஷினின் தித்திப்பு வாசனை... தொண்டையில் ஒட்டும். ஸ்பீக்கரில் ஒரு பெண் விடாமல் சிரித்தாள். கண்ணாடி நடுங்கிக்கொண்டு போனான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அங்கேயோ இருண்டதெல்லாம் சம்பளம் வாங்குகிற பேய். அக்கா எதற்கும் திரும்பவில்லை. தலையில்லாதவன் குறுக்கே பாய்ந்தான். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். "திரும்பிப் போயிடுங்கக்கா" என்று சட்டைப் பொத்தான்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. அவள் அவனைத் தாண்டி நடந்தாள்.

கடைசி அறை. பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டம். கர்ர்ர் என்று மோட்டார். மூடி திறந்தது, பொம்மை எழுந்தது, எல்லாரும் அலறிச் சிரித்தார்கள். பொம்மை படுத்தது, மூடி விழுந்தது. மோட்டார் நின்றது. அப்புறம்...

தொப்... தொப்... தொப்...

தலையணையைத் தட்டுகிற மாதிரி சத்தம். பெட்டிக்குள்ளிருந்து.

கூட்டத்தில் ஒருவன் "சூப்பர்!" என்று கை தட்டினான். உடனே எல்லாரும் தட்டினார்கள்.

"தட்டாதீங்க!" அக்கா நடுவில் புகுந்தாள். "ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், கை தட்டாதீங்க! அவரு கூப்பிடறாரு... மூச்சு முட்டுது அவருக்கு! யாராவது தெறங்களேன்!"

அவள் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இறக்கினாள். ஒரு கையை இறக்கினால் இன்னொரு கை தட்டியது. "அந்தம்மா நடிப்பு பிரமாதம்பா" என்றது ஒரு குரல். விசில் வேறு. அவர்கள் தட்டத் தட்ட உள்ளே இன்னும் வேகமாக... தொப்தொப்தொப்... கண்ணாடிக்கு நன்றாகக் கேட்டது. "நிஜமாங்க, நிஜம்!" என்று அவனும் கத்தினான். அந்த வீட்டுக்குள் நிஜம் என்று கத்தினால் யார் நம்புவார்கள்? இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அக்கா பெட்டி மேல் விழுந்து மூடியைப் பிறாண்டினாள். நகம் பிய்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். மூடி மேலே வந்த அந்த நொடியே சத்தம் நின்றது. உள்ளே பொம்மை. பெயின்ட் அடித்த முகம். இரண்டு கையும் முழங்கைப் பக்கம் உடம்போடு ஆணி அடித்தபடி. அதில் ஒரு வாரம் முன்னால் கொடுத்த கையுறை. உள்ளங்கை நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது.

புது முதலாளி ஓடி வந்து, "யம்மா, யாரு நீ? பொம்மையைத் தொடாதே!" என்று கத்தினார். அக்கா காதில் வாங்கவில்லை. பழைய கையுறையைக் கழற்றினாள். பையிலிருந்து புதுசை எடுத்துப் போட்டுவிட்டாள். ஒற்றைத் துணி. உள்ளே மெத்தை இல்லை.

"இப்பத் தட்டுங்க" என்றாள் பெட்டிக்குள் குனிந்து. "இப்பக் கேக்கும். நான் வெளியிலதான் இருக்கேன்."

வெளியே தள்ளிவிட்டார்கள். ரோட்டில் நடந்து போய் ஸ்டாப்பில் பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் நாலைந்து பேர்தான். அந்தக் குடோனைத் தாண்டித்தான் பஸ் திரும்பிப் போக வேண்டும். சிவப்பு பல்பு தெரிந்தது. தாண்டும்போது...

பட். பட். பட்.

யாரோ கை தட்டி நிறுத்துகிறார்கள் என்று டிரைவர் பிரேக் போட்டார். கதவு திறந்தது. "யாருப்பா அது, சீக்கிரம் ஏறுங்க" என்றார் கண்டக்டர். ரோட்டில் ஒருவரும் இல்லை. ரப்பர் நாற்றமும் அந்தத் தித்திப்பு வாசனையும் மட்டும் உள்ளே வந்தன.

"நீ எந்திரிச்சுப் பின்னாடி போய் உக்காருடா" என்றாள் அக்கா, மெதுவாக.

அவன் கடைசி சீட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தான். அவன் விட்டு வந்த சீட்டின் ரெக்சின்... புஸ்ஸ்... என்று அமுங்கியது. அக்கா அதன் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். விரல்கள் தாமாக மடங்கின. மாமா போன பிறகு அன்றைக்குத்தான் அவள் முகம் சிரித்ததை அவன் பார்த்தான்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. கண்ணாடி கடைசி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அங்கே இருந்த அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

பின்னால்... குடோனிலிருந்து...

பட். பட். பட்பட்பட்.

பஸ் போகப் போக இன்னும் வேகமாக. விட்டுவிட்டுப் போகிறவர்களைக் கூப்பிடுவது போல. அவன் முன்னால் பார்த்தான். சீட்டு அமுங்கியபடியே இருந்தது. அக்கா அதனிடம் ஏதோ பேசிக்கொண்டு வந்தாள்.

அவளிடம் இதை அவன் இன்னும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வான்? போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருக்கிறான். மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்ததாம். வீடெல்லாம் அந்தத் தித்திப்பு வாசனை. அவள் இளைத்துத் துரும்பாகியிருந்தாள். தைத்துக்கொண்டே, நாற்காலிக்குக் கேட்காத மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாளாம்.

"வந்ததிலிருந்து ஒரு தடவைகூட என்னைக் கை தட்டிக் கூப்பிடலடா. எம் மேல கோவம் இன்னும் தீரல போல."