கயிறு கட்டிய ரோடு

"ரோட்டுக்குக் குறுக்கால கயிறு கட்டியிருந்தா இறங்கிடாதேங்கோ அண்ணை. வாகனத்துக்குள்ளயே இருங்கோ."

பேர்லினில், நொய்கெல்ன் போகும் சுரங்க ரயிலில் எனக்கு எதிரே ஈழத்தமிழர் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோனில், ஆஸ்பத்திரிக் கூரைகளில் சோலார் தகடுகள் பூட்டிவிட்டு வந்தவர். மூத்தவர் அதே வேலைக்கு அடுத்த வாரம் போகிறவர்.

"அங்க சண்டை முடிஞ்சு கனகாலமெல்லோ?"

"ஓம், பயமில்லை. ரோடுதான் மோசம். மழைக்குச் செம்மண் கரைஞ்சு ஒரே பள்ளம். இருட்டினாப் பிறகு ஓட ஏலாது. அங்கங்க பொலிஸ் கயிறு கட்டி மறிப்பாங்கள். டிரைவரோட ரெண்டு கதை கதைச்சிட்டு விட்டிடுவாங்கள்."

"பிறகென்ன?"

"நான் முதல் நாள் கயிறைக் கண்ட உடன இறங்கிட்டன். பாஸ்போட்டை உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு பொலிஸை நோக்கி நடக்கிறன். மற்ற எல்லாரும் உள்ளுக்க இருக்கினம். அவன் பயந்துபோய்த் துவக்கைத் தூக்கிட்டான்."

"நீ ஏன் இறங்கினனீ?"

"ஊரில சண்டைக்காலத்தில ஆமி செக்பொயின்ற் வந்தா எல்லாரும் பஸ்ஸால இறங்கி, அடையாள அட்டையைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறதுதானே அண்ணை."

"விசரா, இஞ்ச வந்து எத்தினை வருசமாச்சு!" மூத்தவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அடுத்த நிறுத்தத்தில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். பயணிகள் உட்கார்ந்தபடியே பையைத் துழாவினார்கள். மூத்தவர் சிரிப்பை நிறுத்தி எழுந்து நின்றார். டிக்கெட்டை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பரிசோதகர் இன்னும் பெட்டியின் அந்தக் கோடியில்தான் இருந்தார்.