முன்வரிசை, மூணாவது நாற்காலி

— நிறுத்தும்மா மிசின! ஒரு தாளு ஓடக் கூடாது சொல்லிப்புட்டேன்!

— மாமா, இது டிசைன் பண்ற கடை, மிசினே இங்க கெடையாது. நாலு மணிக்கு சிவகாசிக்கு ஃபைல் அனுப்பணும், அங்கதான் பிரிண்டு. நீங்க கேக்குறது ஃபேன் சத்தம்.

— அப்ப ஃபேன நிறுத்து. இருவத்தி மூணாம் பக்கத்த ஸ்கிரீன்ல எடு. அத எழுதுன செயலாளரு எங்க?

— ஒன் மூக்குக்கு முன்னாடிதான்யா ஒக்காந்துருக்கேன். அதாகப்பட்டது, முப்பத்தெட்டு வருசமா அக்கா புருசன் மூஞ்சியப் பாக்காமப் பழகுன கண்ணு. தட்டுப்படாதுதான்.

— சோபியா, நான் இந்த ஆளுகூடப் பேசல. நீ கேட்டுச் சொல்லு. பொன்விழா மலர்ல சபா வரலாறு எழுதச் சொன்னா, வரலாறு எழுதணுமா, வசவு எழுதணுமா?

— சார், மாமா கேக்குறாரு…

— எனக்கும் காது இருக்கும்மா. பொன்னமராவதி நாத விநோத சபா, தொடக்கம் ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எழுவத்தஞ்சு. அம்பது வருச வரலாறு. செயலாளர் ரகுநாத் எழுதாம, இவுக 'அசல்' சபாவா வந்து எழுதும்?

— அசல்னு நக்கல் பண்ண வேணாம்னு சொல்லு. அசல் பொன்னமராவதி நாத விநோத சபாவும் முறையா ரிஜிஸ்டர் ஆன சபாதான்.

— அல்வாக் கடைக்கு வைக்கிற பேரு! பக்கத்துக் கடைக்காரன் வயிறெரிஞ்சு வைக்கிற பேரு! கேக்க வர்றது என்னமோ அதே நாப்பது பேரு. ஒரு ஞாயித்துக்கெழம எங்க சுண்டல், மறு ஞாயித்துக்கெழம ஒங்க சுண்டல்.

— எங்க சுண்டல்ல தேங்கா இருக்கும்.

— சார், மாமா, சுண்டலப் பெறகு பாத்துக்கலாம். நாப்பது பேருல பதினேழு பேருக்கு முட்டி போயிருச்சு, ரெண்டு சபா மாடியும் மாத்தி மாத்தி ஏற முடியலன்னுதானே ரெண்டு சபாவும் சேந்து பொன்விழா எடுக்குறீங்க? சார் சம்சாரம் செவந்தி அத்தைதான் காலப் புடிக்காத கொறையாச் சேத்து வச்சாங்க. வரலாற ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் மலருன்னு பேச்சு. மணி மூணே கால்.

— அதான் வந்துருக்கேன். படிக்கச் சொல்லு. எழுதுன வாயாலயே படிக்கட்டும்.

— படிக்கிறேன், எனக்கென்ன பயமா? "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம், சங்கீத சமுத்திரம் விராச்சிலை பஞ்சநதம் அவர்கள் நமது சபாவில் பாடினார்கள். அன்று திரண்ட மக்கள் வெள்ளத்தில் திருச்சிப் பேருந்தும் மதுரைப் பேருந்தும் ஊருக்குள் நுழைய இயலாமல் வந்த வழியே திரும்பின."

— பொய்யி! நூத்தி இருவது நாற்காலி. அதுல முப்பதுக்குக் காலு இல்ல. மதுர பஸ்ஸு திரும்புனது டயர் வெடிச்சு!

— வரலாறுன்னா கொஞ்சம் பூசி மொழுகத்தான்யா வேணும். வெறுஞ் செவுரா நிக்கும்?

— மேல படிய்யா! கேட்டுக்க சோபியா, இப்பத்தான் வருது.

— "கற்பனை ஸ்வரம் உச்சத்தை எட்டிய வேளையில், முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு ரசிகர் தவறாகத் தாளம் போட்டு இடையூறு விளைவித்தமையால், வித்வான் மனம் நொந்து கச்சேரியைப் பாதியில் நிறுத்தினார். அன்று எழுந்தவர், அதன்பின் உயிருள்ளவரை எந்த மேடையிலும் ஏறவில்லை."

— ஒரு ரசிகர்! யாருய்யா அந்த ஒரு ரசிகரு? வானத்துலேர்ந்து குதிச்சவனா?

— பேரு போடலையே மாப்ள. ஒன் மரியாதைய நெனச்சுத்தான்…

— மரியாதையா! பொன்னமராவதியில பால் குடிக்கிற புள்ளையக் கேளு, 'ஒரு ரசிகர்' யாருன்னு. பால்பாட்டில எடுத்துட்டு 'நாகராசு'ன்னு சொல்லிட்டு மறுபடி வாயில வச்சுக்கும். ஈபியில முப்பது வருசம் கம்பம் ஏறுனேன். மேல நிப்பேன். கீழ நிக்கிறவன் சொல்லுவான், 'அண்ணே, தாளம் தப்பி லைனத் தொட்டுறாதீங்க'ன்னு. எம்மக காவ்யாவப் பொண்ணு பாக்க வந்தவன், காப்பிய வாயில வைக்கிறதுக்கு முன்னாடி கேக்குறான், 'பஞ்சநதத்தப் பாட விடாமப் பண்ணவரு வீடு இதானா?' ன்னு!

— அந்த எடத்துலதான் கல்யாணமே முடிஞ்சுருச்சே மாமா. காவ்யா இப்ப கத்தார்ல நல்லாத்தானே இருக்கா.

— கத்தாருக்கும் தெரியும்மா! அங்க நம்மூரு சங்கத்துல ஒருத்தன், 'தாளம் நாகராசு மகளா?' ன்னு கேட்டுருக்கான். கடல் தாண்டிருச்சு. அது போகட்டும். பெரியவரு செத்தப்ப விராச்சிலைக்கு மாலையோட போனேன். ரோசா மாலை, ஆளு ஒசரம். வாசல்ல நின்னவன் ஒருத்தன் பக்கத்துல இருந்தவன் காதுல, 'இவன்தான்'னான். அவ்வளவுதான் சொன்னான். மூஞ்சியக்கூடப் பாக்காமத் திரும்புனேன். மாலைய என்ன பண்றது? பஸ்ஸ்டாப்பு புளியமரத்துல மாட்டிட்டு வந்தேன். அவரு பாட்டு நாப்பத்தி மூணு கச்சேரி கேட்டவன்யா நான். கறம்பக்குடிக்கு சைக்கிள்ல போயிருக்கேன், அவரு பாட்டுக் கேக்க. மரத்துக்கு மாலை போட்டுட்டு வந்தேன்!

— நான் என்ன பண்ணட்டும்? நூத்தி இருவது பேரும் பாத்தாங்க. அவரு சுரம் பாடி முடிச்சுப் பல்லவியப் புடிச்சிட்டாரு. நீ அதுக்கப்புறமும் தொடையில ஒரு அடி அடிச்ச. டப்புன்னு. மைக்குல கேட்டுச்சு. ஒனக்கு ஒரு அடி பாக்கி இருந்துச்சு.

— எங்கை சரி.

— ஒங்கை சரின்னா பஞ்சநதம் தப்பா?

— …அத நான் சொல்லல.

— பின்ன யாருதான்யா தப்பு?

— மிருதங்கக்காரன் தப்பா இருக்கலாம். கரண்டு ஏத்த எறக்கமா இருந்துருக்கலாம். அன்னிக்கு எட்டாம் நம்பர் டிரான்ஸ்பார்மர் சரியில்ல. பெரியவரத் தப்புன்னு இந்த வாயி சொன்னதில்ல, சொல்லவும் சொல்லாது. ஆனா எங்கை சரி.

— கேட்டியாம்மா? கரண்டு ஏறி எறங்குனா தாளம் தப்புமாம்! இந்த ஒத்த வாதத்த வச்சுத்தான் சபாவ ரெண்டா ஒடச்சான். கல்யாண வீட்டுல எதுத்தாப்புல ஒக்காந்துக்கிட்டு, 'அக்கா, அந்த ஆளுகிட்ட ரசம் வேணுமான்னு கேளு'ம்பான்.

— சார். நானும் ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா வேணாமான்னு மூணு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

— சொல்லும்மா.

— எங்கப்பா ஆரோக்கியமுத்து மைக்செட்டு போட்ட கச்சேரி பூராத்தையும் கேசட்ல புடிச்சு வச்சிருந்தாருல்ல? மலர்ல கியூஆர் கோடு போட்டு, செல்லுல பாட்டுக் கேக்குற மாதிரி பண்ணலாம்னு நீங்கதான் சொன்னீங்க. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துனேன். ஒரு கேசட்டு மேல மட்டும் அப்பா கையெழுத்துல 'போடக் கூடாது'ன்னு இருந்துச்சு. உள்ள தேதி பாத்தேன். தை மாசம், எம்பத்தேழு.

— போடக் கூடாதுன்னா போடக் கூடாதும்மா! அதாகப்பட்டது, செத்தவுக வாக்கு…

— போடு.

— சோபியா, நான் சபா செயலாளரு சொல்றேன், வேணாம்.

— நானும் சபா செயலாளருதான், அசல். போடு!

— ரெண்டு பேரும் கத்தாதீங்க, போடுறேன். கேக்குதா? பாட்டுக்கு நடுவுல டப்பு டப்புன்னு ஒரு சத்தம். மொதல்ல எனக்கு அது என்னன்னே வெளங்கல, மேடைப் பலகையில எவனோ ஆணி அடிக்கிறான்னு நெனச்சேன்.

— எந்தொடை.

— ஒங்க தொடையா மாமா?

— முன்வரிசை, மூணாவது நாற்காலி. மேடைக்கும் எனக்கும் மூணடி. எட்டு எண்ணிக்கையும் தொடையிலதான் அடிப்பேன். விரல மடக்கி எண்ணுறதெல்லாம் டவுன்காரன் பழக்கம்.

— எனக்குச் சங்கீதம் தெரியாது. கோயில்ல கோரஸ்ல நின்னதோட சரி. ஆனா படம் தெரியும். ஸ்கிரீன்ல பாருங்க, ஒங்க ஒவ்வொரு அடியும் ஒரு கோடு. அடிக்கு அடி ஒரே தூரம். அளந்து பாத்தேன் மாமா, இந்தப் பாட்டு முழுக்க ஒரு நூல் பிசகல. ஆதி தாளத்துக்கு எட்டுன்னு சொல்றாங்க, எட்டு எட்டாத்தான் சுத்தி வருது. பாட்டும் எட்டு முடிஞ்சு, அடுத்த ஒண்ணுலதான் திரும்புது. இந்தா, இந்த ஒரு சுத்துல மட்டும் பாருங்க. ஏழு கோடுதான் ஆச்சு. பாட்டு திரும்பிருச்சு. எட்டாவது கோடு பாட்டுக்குள்ள விழுகுது. மிருதங்கமும் பாட்டு கூடவே போயிருச்சு மாமா.

— பக்கவாத்தியம் வித்வான் பக்கந்தான் சாயும். அதான் முறை.

— போதும், அமத்தும்மா. அதுக்கு மேல ஒண்ணும் இருக்காது.

— இருக்கு சார். பாட்டு நின்னதும் அப்பா ஸ்பீக்கர அமத்திட்டாரு. டேப்ப அமத்தல. கேளுங்க.

— "ரகுநாத்து, இங்கிட்டு வா. கிட்ட வாப்பா."

— பெரியவரு! பெரியவரு கொரலு!

— "கணக்கு நழுவிருச்சுப்பா. இந்த வருசத்துல இது மூணாந்தடவை. மத்த ஊருல எவனுக்கும் தெரியல. இங்க முன்னாடி ஒருத்தன் தொடையில அடிச்சுக்கிட்டு இருக்கானே, நான் எடுத்தப்புறமும் அசையாம அவன் அடி வந்து விழுந்துச்சு பாரு, அப்பத்தான் எனக்கே ஒறைச்சுது. அவன் கைதான் சரி. இனிமே நான் மேடையேறுறது முறையில்ல. வெளியில சொல்லிறாதப்பா."

— "சரிங்கய்யா. நான் பாத்துக்கிறேன்."

— நிறுத்தும்மா. கடேசியில 'நான் பாத்துக்கிறேன்'னது யாரு கொரலு?

— அதாகப்பட்டது, பழைய கேசட்டு, கொரலு மாறித்தான் கேக்கும்…

— செயலாளரே, ஒன்னத்தான்! யாரு கொரலு?

— எங்கொரல்தான் மாப்ள.

— பாத்துக்கிட்டியே! நல்லாப் பாத்துக்கிட்டய்யா! தெரிஞ்சுக்கிட்டே மைக்கப் புடிச்சு, 'முன்வரிசையில் ஏற்பட்ட இடையூறு காரணமாக'ன்ன! எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்ன! நான் யாருடா இடையூறுன்னு பின்னாடி திரும்பிப் பாத்தேன்யா, மடையன் மாதிரி!

— சத்தியம் மாதிரி கேட்டுட்டாரு. நூத்தி இருவது பேரும் ஏன் நிறுத்துனாருன்னு சத்தம் போடுறான். எனக்கு முப்பத்தாறு வயசு, வாயில ஒண்ணும் வரல. முன்னாடி நீ ஒக்காந்துருந்த. வேத்தாளு மேல பழி போட முடியுமா? மச்சினந்தானே, பொறுத்துக்குவான்னு…

— சொந்தக்காரன்னு சலுகை குடுத்தியாக்கும்!

— ரெண்டு நாள்ல ஊரு மறந்துரும்னு நெனச்சேன். நீ மூணாம் நாளு தனி சபா ஆரம்பிச்சிட்ட. அப்புறம் எப்புடிய்யா மறக்கும்?

— அக்காளுக்குத் தெரியுமா?

— தெரியாது. தெரிஞ்சா எனக்கு ரசம் ஏது?

— முப்பத்தெட்டு வருசம்! கெழவரக் கொன்னவன்னு என்னைப் பேச வச்சிட்டு, நீ ஒவ்வொரு தையிலயும் அவரு படத்துக்கு மாலை போட்டு போட்டா புடிச்சிருக்க! ஹைடென்சன் லைன்ல கையக் குடுத்தாக்கூட ஒரு நிமிசந்தான்யா எரியும்!

— போதும்யா. அடிக்கணும்னா அடிச்சிரு. சோபியா, அந்தப் பத்தியத் தூக்கு. நான் சொல்லச் சொல்ல அடி. "அன்று தாளம் தவறியவர் வித்வான் பஞ்சநதம் அவர்களே. ரசிகர் நாகராசு அவர்களின் கை சரியாகவே இருந்தது. அவர்மீது அநியாயமாகப் பழி சுமத்திய செயலாளர் ரகுநாத், சபையோர் முன்னிலையில் மன்னிப்புக் கோருகிறார்." கீழ கியூஆர் கோடு போடு. சந்தேகப்படுறவன் கேட்டுக்கட்டும். ஊரே கேக்கட்டும்.

— அடிச்சிட்டேன் சார். மாமா, படிச்சுப் பாத்துச் சரின்னு சொல்லுங்க. மூணே முக்கால் ஆச்சு.

— அந்த டேப்ப இன்னொரு தடவை ஓட்டும்மா. கடேசிக்குக் கொஞ்சம் முன்னாடி.

— "…அவன் கைதான் சரி…"

— இன்னொரு தடவை.

— "…அவன் கைதான் சரி…"

— ம். அமத்து. கேசட்ட இங்கிட்டுக் குடு.

— இந்தாங்க. ஆனா வீட்டுல போட டேப்பு இருக்கா மாமா?

— எதுக்குப் போடணும்? ஒங்கப்பன் தெளிவா எழுதியிருக்கான், போடக் கூடாதுன்னு. மைக்செட்டுக்காரனுக்கு இருந்த புத்தி செயலாளருக்கு இல்ல. கம்ப்யூட்டர்ல ஏத்துனத அழிச்சிரு.

— மாமா!

— யோவ், கிறுக்கா புடிச்சிருக்கு? நீ கேட்டது இதத்தானே? இந்த ஒத்த வரிக்குத்தானே முப்பத்தெட்டு வருசம் எங்கூடப் பேசாம இருந்த?

— நீ வாய மூடு! ஒன்ன மன்னிக்கல. சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். அசல் சபாவும் சாகாது, அடுத்த ஞாயித்துக்கெழம எங்க சுண்டல்தான், எழுதி வச்சுக்க. ஆனா வெளியில சொல்லாதன்னு அந்த மனுசன் கேட்டது என் காதுலயும் விழுந்துருச்சு.

— அப்ப என்ன அனுப்பட்டும் மாமா? பத்து நிமிசந்தான் இருக்கு.

— புதுசா அடிச்சத அழி. பழசையே போடு. அதுல 'ஒரு ரசிகர்'னு மொட்டையா நிக்குது பாரு, அத மட்டும் தூக்கிட்டு ஒழுங்கா எழுது: தவறாகத் தாளம் போட்டவர் சி. நாகராசு, முன்வரிசை, மூணாவது நாற்காலி.