மாடு ஒரு மின்சாதனம் அல்ல

இல்ல சார், நீங்க சொல்றது விபத்து. அது வேற. நிகழ்வு வேற. சம்பவம்னு ஒண்ணு கீது, அது இன்னும் வேற. நானும் ஒங்கள மாதிரிதான், கரண்ட் அடிச்சா கரண்ட் அடிச்சிச்சின்னு சொல்லிகினு திரிஞ்சேன். இந்த கரண்ட் ஆபீசுக்கு நடந்து நடந்துதான் தமிழே கத்துகினேன்.

நல்லா குந்துங்க சார். பெரிய ஆபீசரு சாப்ட போயிருக்காரு, இப்பத்திக்கு யாரையும் கூப்ட மாட்டாங்க. நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க? ஜெனரேட்டருக்கா. ஓ, நசரத்பேட்டைல கல்யாண மண்டபமா. ஒங்க வேல சட்டுனு முடிஞ்சிடும். ஜெனரேட்டர்னா ஜெனரேட்டர்தான், அதுக்கு இன்னா அர்த்தம்னு யாரும் சண்ட போட மாட்டாங்க.

எங்க ஊடு திருமுல்லைவாயில். ஸ்டேஷனுக்கு அந்தாண்ட, ஏரிப் பக்கமா. எங்க தெருவுல ஒரு வெளக்குக் கம்பம் கீது. மழ பேஞ்சா போதும், கைய வெச்சா சுர்ர்னு ஏறும். பக்கத்தூட்டு வசந்தா கொடிக்கம்பிய அதுலதான் கட்டிகினு இருந்தா. ஒரு நாளு ஈரத்துணிய போடப் போனவ, கம்பிய புடிச்சிகினு அப்டியே ஆடறா. சாமி வந்துட்ச்சின்னு நெனச்சிகினு அவ மாமியாரு கற்பூரம் எடுக்க உள்ள ஓடிச்சி. நல்லவேள, கம்பி அறுந்து இவ கீழ வுழுந்தா.

இதே ஆபீசுலதான் வந்து கம்ப்ளைண்ட் குடுத்தோம். இங்க சுப்பராயன்னு ஒரு இன்ஜினியரு. நல்ல மனுசன் சார், கொரல ஒசத்தவே மாட்டாரு. அந்தம்மா மயக்கம் போட்டாங்களான்னு கேட்டாரு. இல்ல சார்னோம். தோலு கருகிச்சா? இல்ல. ஆஸ்பத்திரில சேத்தீங்களா? எங்க சார், ஒரு டீ குடிச்சிட்டு சாயங்காலம் வேலைக்கு போய்ட்டா. அப்ப இது அபாயகரமான மின் நிகழ்வுல வராதும்மா, இது ஒரு அனுபவம், அப்டின்றாரு. அனுபவம் சார். வசந்தா இன்னா பண்ணுவா பாவம், தல ஆட்டிகினு வந்துட்டா.

அப்பறம் ஒரு தெருநாய் காலத் தூக்கிச்சி, அதே கம்பத்தாண்ட. உயிரு போய்ட்ச்சி. மறுபடியும் போனோம். சட்டத்துல பிராணி செத்தாலும் கணக்குதான், ஆனா பிராணிக்கு சொந்தக்காரன் யாருன்னாரு. தெருநாய்க்கு யாரு சார் சொந்தக்காரன்? சொந்தக்காரன் இல்லன்னா இழப்பு யாருக்கு, இழப்பு இல்லாத எடத்துல நிகழ்வு எப்டி வரும்னாரு. கேக்கறதுக்கு நாயமாத்தான் இருந்துச்சி. ஊட்டுக்கு வந்து யோசிச்சாதான் வயிறு எரிஞ்சிச்சி.

ஆனா ஒண்ணு சொல்லணும், சும்மா வுட்ல. ஆபத்து தொடாதேன்னு போர்டு அனுப்னாரு. மாட்ட வந்த ஆளு கம்பத்த ஒரு பார்வ பார்த்தான். இதுல மாட்டணும்னா நான் இத தொடணுமேன்னான். எதிர்ல கீற வேப்பமரத்துல ஆணி அடிச்சி தொங்க வுட்டுட்டு போய்ட்டான். அன்னிலேருந்து தெருவுக்கு புதுசா வர்றவங்கல்லாம் மரத்துக்கு பயந்து ஒதுங்கி ஒதுங்கி கம்பத்தாண்ட நடக்க ஆரம்பிச்சிட்டாங்க.

சிரிங்க சார், பரவால்ல. எனக்கும் சிரிப்புதான் வந்துச்சி அப்ப.

ஐப்பசி மழைல தெருவெல்லாம் தண்ணி. ஏகாம்பரம்னு, பழைய ஊர்க்காரரு, அவங்களுக்கு நெலம் இருந்த எடத்துலதான் இப்ப நாங்கல்லாம் வாடகைக்கு கீறோம். நெலம் போயிட்ச்சி, ஒரு மாடு மட்டும் மிச்சம். அது முதுகு அரிக்குதுன்னு போயி அந்தக் கம்பத்துல சாஞ்சிச்சி. அப்டியே மடங்கி வுழுந்துட்ச்சி, கண்ணு ரெண்டும் முழிச்சபடி. சனமெல்லாம் வாசப்படில நின்னுகினு கத்துது, யாரும் எறங்கல. அந்நேரம் ஷேர் ஆட்டோக்காரரு ஒருத்தரு வந்தாரு. மாடு வழுக்கி வுழுந்துட்ச்சின்னு நெனச்சிகினாரு. தண்ணில எறங்கி ரெண்டு கொம்பையும் புடிச்சி தூக்கப் பார்த்தாரு.

ஆமா சார். தூக்கி அடிச்சிச்சி. யாரோ தெருமுனைல கீற பொட்டிக்கு ஓடிப்போயி ஃபியூஸ புடுங்கினப்பறம்தான் அவர தண்ணிலேருந்து இழுத்தாங்க.

மாடு செத்துட்ச்சி. அப்பதான் சார் கவர்மெண்டே வந்துச்சி. ஜீப்பு வந்துச்சி, மாட்டு டாக்டரு வந்தாரு, நாலு பக்கமும் போட்டோ எடுத்தாங்க. மறுநாளே புது கம்பம், புது கேபிளு. ஏன்னா மாடு பிராணி, சொந்தக்காரன் கீறாரு, உயிர் போயிட்ச்சி. எல்லாம் கரெக்டா பொருந்திச்சி. ஏகாம்பரத்துக்கு நஷ்டஈடும் வந்துட்ச்சி. அவருக்கு வந்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல சார், பொண்டாட்டி புள்ள மாதிரி வெச்சிகினு இருந்தாரு அந்த மாட்ட.

அந்த ஆட்டோக்காரரா? அங்கதான் வருது சிக்கலு. ஆஸ்பத்திரில பார்த்தாங்க, ஒடம்புல ஒரு தீக்காயம் இல்ல. நெஞ்சு சரியா அடிக்குது. ஊட்டுக்கு கூட்டிகினு போங்கன்னாங்க. சுப்பராயன் சார்கிட்ட போனா, மின்சாரம் பாயற பொருள அவரு தொட்டாரான்னாரு. தொட்டாரு சார், மாட்ட தொட்டாரு. மாடு ஒரு மின்சாதனம் இல்லியேம்மான்னாரு. அந்த நேரத்துக்கு அதுல கரண்ட் ஓடிச்சே சார்னேன். கொஞ்சம் ஆடிப்போய்ட்டாரு. உள்ள போயி இன்னும் ரெண்டு பேர கூட்டிகினு வந்தாரு. மூணு பேரும் என்ன நிக்க வெச்சிகினு, செத்த மாட்ட கம்பின்னு சொல்லலாமா வேணாமான்னு பேசறாங்க. ஒருத்தரு சொல்லலாம்னாரு. இன்னொருத்தரு, அப்டி சொன்னா அந்த மாட்ட நாம முன்னாடியே பரிசோதிச்சி சான்று குடுத்திருக்கணும்னு கேள்வி வரும்னாரு. அதோட முடிஞ்சிச்சி.

கடைசில எழுதிட்டாங்க. பாதிக்கப்பட்டது மாடு. அந்த ஆளு நேர்ல பார்த்த சாட்சி.

அந்த சாட்சி சொல்றதுக்குத்தான் இன்னிக்கு வரச்சொல்லி கீறாங்க. இன்னா நடந்துச்சின்னு அவரு வாயாலயே சொல்லணுமாம். சொன்னாதான் ஃபைல மூடுவாங்களாம். நான் சொல்றேன் சார்னு கேட்டுப் பார்த்தேன். நீங்க பார்க்கலியேம்மான்னுட்டாங்க. அதுவும் கரெக்டுதான், நான் அப்ப அம்பத்தூர்ல வேலைல இருந்தேன்.

அதோ, தூணாண்ட குந்திகினு கீறாரே, செருப்ப மடில வெச்சிகினு. எங்க ஊட்டுக்காரரு. ஆவடி அம்பத்தூர்னு அவரு கூவுனா ரயில்வே கேட்டு வரைக்கும் கேக்கும். இன்ஜின் சத்தத்தவிட இவன் சத்தம்தான் ஜாஸ்தின்னு ஸ்டாண்டுல திட்டுவாங்க. அந்த மாட்டு கொம்ப வுட்டதுலேருந்து ஒரு வார்த்த பேசல சார். சாப்டறாரு, தூங்கறாரு, கைய புடிச்சிகினா நடக்கறாரு, பேர் சொல்லி கூப்ட்டா திரும்பிப் பாக்கறாரு. வாய் மட்டும் தொறக்கல. டாக்டரு தானா வரும்ன்றாரு. பேச்சு போனது எந்த வகைல வரும்னு இங்கயும் கேட்டேன். காயம்னா கண்ணுக்குத் தெரியணும்மான்னு சுப்பராயன் சாரு ரொம்ப பொறுமையா சொன்னாரு.

கேட்டீங்களா, சாட்சி பூபாலன்னு கூப்டறாங்க. சார், நான் இந்தப் பைய எடுத்துக்கறேன், நீங்க கொஞ்சம் அவரு கைய புடிச்சி எழுப்பி வுடறீங்களா? காலு இன்னும் சரியா ஊனல.

புடிங்க சார். ஒண்ணும் அடிக்காது.