பறிக்கக் கூடாத பல்

— இன்னும் கொஞ்சம் தொறங்க அத்தான்.

— இம்புட்டுதான் தொறக்கும். ஒரு வெரலுகூட போவாது. லைட்டை அணை அஸ்வதி, கண்ணு கூசுகு.

— காலைல பாத்ததவிட கன்னம் வீங்கியிருக்கு. கழுத்துல கை வச்சா கொதிக்கி. இதோட கடைய வேற தொறக்கப் போனீங்களா?

— பின்ன? சாலை பஜார்ல ஒருநாள் பூட்டினா வாடிக்கைக்காரன் எதிர்த்த கடைக்குப் போயிருவான். வாறவன் எல்லாம் இந்தத் தாடியப் பாத்துட்டு சாமி சரணம்ங்கான். மலைக்கு மாலை போடல்லடே, பெண்டாட்டிக்கு ஆறாம் மாசம்னு சொன்னா சிரிக்கான், சவம்.

— நாளைக்கு அந்தப் பல்லை எடுத்துருவோம்.

— எந்தப் பல்லை?

— அந்த ஞானப்பல்லைத்தான். பல்லு டாக்டருக்கு போன்ல விளிச்சேன். தாணுமாலையன்னு பேரைச் சொன்னதுமே, இன்னும் பறிக்கல்லியான்னு பயந்துட்டாரு. காலைல மொத ஆளா வரச் சொன்னாரு.

— நீயா இதப் பேசுக? போன மாசம் அவரு பறிக்கணும்னு சொன்னப்ப, அவரு முன்னாலயே நின்னு பறிக்காண்டாம்னு சொன்னது நீயல்லே?

— நாந்தான் சொன்னேன்.

— வயித்துல பிள்ளை இருக்கப்ப புருசன் ஒடம்புலேருந்து ஒரு முடிகூட விழப்பிடாதுன்னு அவருக்கே படிச்சுக் கொடுத்த. பல்லு முடியில்லியேம்மான்னாரு பாவம். பல்லுன்னா ரத்தம் வரும், அது இன்னும் மோசம்னு சொன்ன. அந்த மனுசன் மாத்திரைய எழுதித் தந்து அனுப்பிட்டாரு.

— இப்ப சீழ் கழுத்துக்கு எறங்குகு. எறங்கினா மூச்சு முட்டுமாம். வெளையாட்டுக் காரியமில்ல அத்தான்.

— மாத்திரை இருக்குல்லா. பிள்ளை பொறந்த மறுநாளே நாலு கடவாப்பல்லையும் சேத்துப் புடுங்கட்டும். நானே வாயைத் தொறந்து குடுக்கேன்.

— மாத்திரை இனி கேக்காதுன்னுதானே அவரு சொல்லுகாரு.

— போன தடவை என்னாச்சுன்னு மறந்துட்டியா? லைசன்ஸுக்கு போட்டோ எடுக்கணும்னு மூஞ்சிய வழிச்சுட்டு வந்தேன். அந்த வாரமே நீ ரத்தத்துல கிடந்த. அம்மை எத்தனை நாளு எம்மூஞ்சியில முழிக்கல்ல. ஒரு போட்டோவுக்காக ஒரு பிள்ளைய குடுத்தவன் நான், கேட்டியா.

— அது அதனால இல்லன்னு டாக்டரம்மா சொன்னா.

— அவ சொல்லுவா. போனது அவ பிள்ளையா?

— அப்படிச் சொல்லாதீங்க.

— சரி, கோவத்துல சொல்லல்ல. வா, இஞ்ச இரி. இன்னைக்கு ஸ்கேன்ல டாக்டரம்மா என்ன சொன்னா? நான் வராம அம்மைய அனுப்பினதுல வருத்தமா?

— வருத்தமில்ல. கடையப் பூட்டிட்டு எப்படி வருவீங்க. விவரமெல்லாம் நாளைக்குச் சொல்லுவா.

— பிள்ளை தூங்குகா, முழிச்சிருக்கான்னாவது சொல்லியிருப்பாளே.

— மிசினுல பாக்குற பொண்ணு ஒண்ணும் பேசல்ல. நான் ஒண்ணு சொல்லுகேன், கேளுங்க. வாறப்ப அம்மன் கோயில்ல எறங்கி பூக்கட்டிப் பாத்தோம்.

— பல்லுக்கா?

— பல்லுக்குத்தான். வெள்ளைப்பூ வந்தா பறிக்கலாம், செவப்பு வந்தா வேண்டாம்னு நெனச்சு ரெண்டு பொட்டலத்தையும் நடையில வச்சோம். கும்பிட வந்த ஒரு சின்னப்பிள்ளைய எடுக்கச் சொன்னோம். வெள்ளை.

— அம்மையும் பாத்தாளா?

— பாத்தா.

— நெசமா வெள்ளையா?

— வெள்ளைதான் அத்தான்.

— அட. நேத்து தலையணையக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன், நீ கேக்கப்பிடாதுன்னு. வெறும் பல்லுவலின்னா தாங்கிரலாம். இது காதுக்குள்ள ஆணி அடிக்கமாதிரி. செத்துப்போயிட்டா பிள்ளைய பாக்காம போவனேன்னுகூட நெனச்சேன், கேட்டியா. அம்மனே பறிக்க விட்டுட்டான்னா பின்ன என்ன. பிள்ளைக்கு ஒண்ணும் வராதுன்னுதானே அர்த்தம்?

— காலைல சீக்கிரம் போவோம்.

— போவோம். எடுத்துட்டு தாடியையும் வழிச்சிரட்டுமா? வேண்டாம். அதுக்குப் பூக்கட்டிப் பாக்கல்லியே, அது இருக்கட்டும். வீக்கம் வடிஞ்சதும் ஆரியசாலையில ஆசாரியப் பாத்து தொட்டிலுக்குச் சொல்லணும். பொறக்க முன்ன வீட்டுக்குக் கொண்டுவரப்பிடாது, ஆனா சொல்லி வைக்கலாம்லா? நல்ல பலாத்தடியில செய்யச் சொல்லுவோம்.

— பேசாதீங்க, வலி கூடும். படுங்க.

— ஒன் கொரலு ஏன் ஒருமாதிரி இருக்கு? பயப்படுகியா? அம்மைய விளி. அவ வாயால ஒருதடவை வெள்ளைன்னு சொல்லட்டும், எனக்கும் திடமா இருக்கும், ஒனக்கும் திடமா இருக்கும். அம்மோ.

— விளிக்காண்டாம் அத்தான். அத்தை வந்ததுலேருந்து உள்ள சுவரைப் பாத்துக் கிடக்கா. நாங்க எந்தக் கோயிலுக்கும் போகல்ல. பிள்ளைக்குத் துடிப்பு நின்னு போச்சு, நாளைக்குச் சாயங்காலம் என்னைய ஆஸ்பத்திரில வந்து படுக்கச் சொல்லியிருக்கா டாக்டரம்மா. அதுக்கு முன்ன அந்தப் பல்லை எடுத்துருங்க, எனக்கு நீங்களாவது வேணும்.