முப்பத்தோரு தொண்டை

பெர்னிஸ்: ...கத்துனாங்களா, இல்ல கூரையைப் பேத்தாங்களா? சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு டீச்சர். கையில இருந்த உருளைக்கிழங்கைக் கீழ போட்டுட்டேன்.

ஆல்மா: மெதுவா பேசு பெர்னிஸ். அவரு இன்னும் போகல. ஹெட்மாஸ்டர் ரூம்லதான் இருக்காரு.

பெர்னிஸ்: யாரு, மிஸ்டர் டீக்கா? இருக்கட்டுமே. ஸ்கூல் போர்டுத் தலைவர்னா சமையல்காரி வாயைத் திறக்கக் கூடாதா? அவரு கடையிலதான் நான் கோழித் தீவனம் வாங்குறேன். அங்க வாங்கம்மான்னு கூப்பிடுறாரு, இங்க வந்தா மட்டும் முறைப்பாரா? ...ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க. காபி ஊத்தட்டா?

ஆல்மா: ஊத்து. சர்க்கரை வேண்டாம்.

பெர்னிஸ்: சரி, சொல்லுங்க. என்ன நடந்துச்சு உங்க வகுப்புல?

ஆல்மா: எட்டரை மணி, எப்பவும் போல. பிள்ளைங்க எழுந்து நெஞ்சுல கை வச்சுக்கிட்டு நின்னாங்க. கொடி ஜன்னல் மூலையில, நான் கரும்பலகை ஓரமா. சோதிக்க வந்த அவரு கடைசி பெஞ்சுக்குப் பின்னாடி, தொப்பிய அக்குள்ல இடுக்கிக்கிட்டு...

பெர்னிஸ்: எல்லா வகுப்புலயும் அங்கதான் நிக்கிறாராம். திருடனைப் பிடிக்க நிக்கிற மாதிரி.

ஆல்மா: கொடி உறுதிமொழிய ஆரம்பிச்சோம். 'ஒரே தேசம்'னு வந்துச்சு. அடுத்தது அந்த ரெண்டு வார்த்தை...

பெர்னிஸ்: 'கடவுளின் கீழ்'.

ஆல்மா: அதேதான். இடி விழுந்த மாதிரி இருந்துச்சு! முப்பத்தோரு பிள்ளைங்களும் ஒரே தொண்டையா. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுன்னு ஆடிச்சு. அது முடிஞ்ச உடனே குரலை இறக்கி, 'பிரிக்க முடியாதது'ன்னு பூனைக்குட்டி மாதிரி சொல்லிட்டு, மிச்சத்தையும் முடிச்சு உக்காந்துட்டாங்க.

பெர்னிஸ்: நல்லதுதானே. ஜூன்ல வாஷிங்டன்காரங்க சட்டம் போட்டு அந்த ரெண்டு வார்த்தைய நடுவுல சொருகுனதுலேர்ந்து ஊரே தடுக்கி விழுந்துக்கிட்டு இருக்கு. செப்டம்பர்ல ஸ்கூல் திறந்த அன்னிக்குப் பாத்தோமே! பாதிப் பேரு பழக்கத்துல முன்னாடி ஓடிட்டாங்க, பாதிப் பேரு பின்னாடி. பாதிரியாரே 'பிரிக்க'ன்னு ஆரம்பிச்சு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.

ஆல்மா: அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம். இப்ப டிசம்பர் வந்தாச்சு. இப்ப யாராவது அந்த இடத்தைத் தாண்டி ஓடுனா மறதின்னு சொல்ல மாட்டாங்க. சாமி இல்லேங்கற கம்யூனிஸ்ட்டுன்னு சொல்லுவாங்க. பக்கத்து ஊருப் பாட்டு டீச்சரை...

பெர்னிஸ்: தெரியும். நவம்பர்ல, நன்றித் திருநாளுக்கு முந்தின நாள் பொட்டியைக் கட்ட வச்சாங்க. வான்கோழி வறுக்கற நேரத்துல ஒரு மனுஷிய அப்படியா அனுப்பறது? ...ஆனா உங்களுக்கு என்ன பயம்? உங்க வகுப்புக்குத்தான் முதல் மார்க்.

ஆல்மா: அந்தக் கதவைச் சாத்து.

பெர்னிஸ்: சாத்திட்டேன். காபி ஆறுது.

ஆல்மா: நான் சொல்லல, பெர்னிஸ்.

பெர்னிஸ்: ம்.

ஆல்மா: அந்த ரெண்டு வார்த்தைய. இன்னிக்கு மட்டும் இல்ல. செப்டம்பர்லேர்ந்து ஒரு நாள்கூடச் சொன்னதில்ல. அந்த இடம் வந்தா உதட்டை மூடிக்குவேன், மூச்சு வாங்கற மாதிரி. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

பெர்னிஸ்: ம்.

ஆல்மா: என்ன 'ம்'? நான் எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீ சூப்பை ருசி பாக்கறே!

பெர்னிஸ்: உப்பு பத்தல. ...டீச்சர், எனக்கு அக்டோபர்லயே தெரியும்.

ஆல்மா: என்னது?

பெர்னிஸ்: எங்க ட்வைலா உங்க வகுப்புல முதல் பெஞ்சுல உக்காந்து உங்க வாயத்தானே பாத்துக்கிட்டு இருக்கா? ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டா, 'அம்மா, எங்க டீச்சர் நரகத்துக்குப் போவாங்களா?'ன்னு.

ஆல்மா: ஐயோ!

பெர்னிஸ்: ஏன்டின்னு கேட்டேன். சொன்னா. சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் சொன்னா, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு.

ஆல்மா: அப்ப... மத்தப் பிள்ளைங்க?

பெர்னிஸ்: முப்பத்தோரு பேருக்கும் தெரியும். ரெண்டு மாசமா. எந்தப் பிள்ளையும் வீட்டுல வாயைத் திறக்கல, எம் பொண்ணு ஒருத்தியத் தவிர. இந்த ஊருல, டீச்சர்! ஒருத்தன் தும்முனா தெருமுனையில கைக்குட்டை நீட்டுற ஊருல!

ஆல்மா: அப்ப இன்னிக்கு அவங்க கத்துனது...

பெர்னிஸ்: மிஸ்டர் டீக் வர்றாருன்னு திங்கக்கிழமை தெரிஞ்சுதில்ல? அன்னிக்கு மத்தியானமே ஊஞ்சலுக்கிட்ட கூட்டம் போட்டாங்களாம். 'நாம கத்துற கத்துல டீச்சர் சொல்லலைன்னு அவருக்குக் கேக்கவே கூடாது'ன்னு. பாதிரியார் மகன் எல்டன் இருக்கானே, அவன்தான் கையைத் தட்டி ஒத்திகை பாத்தானாம்.

ஆல்மா: எல்டனா? அவன் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கவே ஒரு வாரம் எடுத்துக்குவான்...

பெர்னிஸ்: அழாதீங்க.

ஆல்மா: அழல. இருவத்திரெண்டு வருஷமா பாடம் நடத்துறேன். பெஞ்சுல உக்காந்திருக்கறது யாருன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. ஏன் சொல்லலைன்னு அதுங்க ஒரு வார்த்தை கேக்கலையே!

பெர்னிஸ்: நான் கேக்கட்டா? ஞாயித்துக்கிழமை முதல் வரிசையில உக்காந்து முழங்கால் போடுற ஆளு நீங்க. நீங்க ஏன்...

ஆல்மா: அதனாலதான்.

பெர்னிஸ்: புரியல.

ஆல்மா: எங்கப்பா உழுதுக்கிட்டு இருக்கும்போது அந்தப் பேரைச் சொல்லணும்னா குதிரைங்கள நிறுத்துவாரு. தொப்பியக் கழட்டுவாரு. காத்து அடங்கட்டும்னு காத்துக்கிட்டு நிப்பாரு. அப்புறம்தான் வாயைத் திறப்பாரு. சின்னப் பிள்ளையில நான் அதைப் பாத்து நடுங்குவேன், பயத்துல இல்ல... இந்த வானம் எவ்வளவு பெருசுன்னு அந்த ஒரு நிமிஷத்துலதான் தெரியும். அந்தப் பேரை எட்டரை மணிக்கு மூக்கை நோண்டிக்கிட்டே, வருகைப் பதிவேட்டுக்கும் கணக்குப் பாடத்துக்கும் நடுவுல... எனக்கு வாய் வரல பெர்னிஸ்.

பெர்னிஸ்: ...ஒம்பது வருஷமாப் பாக்கறேன். போன வருஷம் கொதிக்கிற சூப்பு உங்க கால்ல கொட்டினப்பகூட 'ஐயோ'ன்னுதான் சொன்னீங்க. நானா இருந்தா மேல இருக்கறவரையும் அவரு குடும்பத்தையும் சேத்துக் கூப்பிட்டிருப்பேன்.

ஆல்மா: சிரிப்பு மூட்டாதே. ...யாரோ வர்றாங்க.

பெர்னிஸ்: அவருதான். பூட்ஸ் சத்தம். முகத்தைத் துடைங்க, துடைங்க! ...வாங்க மிஸ்டர் டீக்! காபி?

டீக்: இருந்தா குடும்மா. கோழியெல்லாம் முட்டை வைக்குதா?

பெர்னிஸ்: உங்க தீவனத்தைத் தின்னுட்டு யோசிச்சுக்கிட்டு இருக்குதுங்க.

டீக்: ஹா... டீச்சர், உங்களைத்தான் தேடுனேன். சனிக்கிழமை படைவீரர் சங்கக் கூடத்துல புதுக்கொடி ஏத்துறோம். ஊரே வரும், பேப்பர்காரங்க வர்றாங்க. உறுதிமொழி சொல்லணும். மேடையில நீங்க...

ஆல்மா: முடியாது.

பெர்னிஸ்: டீச்சருக்குத் தொண்டை கட்டியிருக்கு, மிஸ்டர் டீக். காலையிலேர்ந்தே...

ஆல்மா: சும்மா இரு பெர்னிஸ். காலையில பிள்ளைங்க எனக்காகக் கத்துனது போதும். இனி ஒளிஞ்சுக்க மாட்டேன். மிஸ்டர் டீக், அந்த ரெண்டு வார்த்தைய நான் சொல்றதில்ல. மறதி இல்ல. தெரிஞ்சுதான் சொல்றதில்ல. நீங்க எழுதிக்கலாம். பிள்ளைங்க மேல மட்டும் எதுவும் எழுதாதீங்க.

டீக்: தெரியும்.

ஆல்மா: ...தெரியுமா?

பெர்னிஸ்: அந்தச் சத்தத்துல எப்படி உங்களுக்குக் கேட்டுச்சு?

டீக்: எங்க கேட்டுச்சு? என் காதே அடைச்சுப் போச்சு. பாத்தேன். முப்பத்தோரு தலைக்கு மேல இவங்க முகம் மட்டும் தெரிஞ்சுது. வாய் மூடியிருந்துச்சு. சர்ச்சுலகூட அப்படி ஒரு முகத்தைப் பாத்ததில்ல.

ஆல்மா: அப்ப ரிப்போர்ட்டு?

டீக்: எழுதிக் குடுத்துட்டேன். 'மூணாம் வகுப்பு, குறை எதுவும் இல்ல.' கையெழுத்தும் போட்டாச்சு.

பெர்னிஸ்: அந்தப் பாட்டு டீச்சருக்கும் இப்படி எழுதியிருக்கலாமே.

ஆல்மா: பெர்னிஸ்!

டீக்: கேக்கட்டும். அது வேற போர்டும்மா. ஆனா அந்த அம்மா பஸ் ஏறுனதை நான் பாத்தேன். அன்னிக்குத்தான் நம்ம ஸ்கூலைச் சோதிக்க வர்ற வேலைய நானே கேட்டு வாங்கினேன். வேற யாராவது வந்து நின்னா என்ன எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும்.

ஆல்மா: அப்புறம் ஏன் என்னை மேடைக்குக் கூப்பிடுறீங்க?

டீக்: சொல்ல விட்டீங்களா? நீங்க சொல்ல வேண்டாம். நீங்க கூட நின்னா பிள்ளைங்க வருவாங்க. அந்த முப்பத்தோரு பேரையும் மேடையில ஏத்துங்க. அந்த இடம் வரும்போது காலையில கத்துன மாதிரியே கத்தட்டும். பனி உதிரணும் கூரையிலேர்ந்து.

பெர்னிஸ்: டீச்சருக்காகவா?

டீக்: இல்லம்மா. சங்கத்துக்கும் நான்தான் தலைவர். சனிக்கிழமை முன்னாடி நின்னு உறுதிமொழி சொல்ல வேண்டியவன் நான்.

ஆல்மா: சரி... அதுக்குப் பிள்ளைங்க எதுக்கு?

டீக்: பத்து வருஷம் முன்னாடி யுத்தத்துல, பெல்ஜியத்துல, காலு ரெண்டும் அசையாம, பனிக்குள்ள மூணு நாள் கிடந்தேன். வேற எதுவும் பேசல. அந்தப் பேரை மட்டும் கூப்பிட்டுக்கிட்டே கிடந்தேன். நாலாவது நாள் ரெண்டு பேரு வந்து தூக்கிட்டுப் போனாங்க. யாரு அனுப்புனாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் கூட்டத்தோட சேந்து அந்தப் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரல, டீச்சர். எல்லா வகுப்புலயும் நான் ஏன் கடைசி பெஞ்சுக்குப் பின்னாடியே போய் நிக்கிறேன்னு நெனச்சீங்க? நான் சொல்றேனா இல்லையான்னு அங்க யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை அந்த மேடையில எனக்குக் கடைசி பெஞ்சு கிடையாது.