பொந்தின் பின்சுவர்

காலை ஆறே முக்காலுக்கு இந்த ஜன்னலில் வெயில் விழும். இந்தக் கற்களுக்கு வெயில் ஆகாது, அதற்கு முன்பே திரையை இழுத்துவிடுவேன். நீங்கள் வந்தபோது அறை இருட்டாக இருந்தது அதனால்தான். வேறொன்றுமில்லை.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அலமாரியில் இடிக்கும்.

இங்கே இருப்பவை எல்லாம் ஒரே குடும்பம். நகை பற்றவைக்கும்போது வெங்காரம் போடுவார்களே, அதன் உறவுகள். ஜாடிக்குள் இருப்பது வெங்காரமேதான். மண்ணிலிருந்து எடுக்கும்போது பனிக்கட்டி போல இருக்கும். காற்று கொஞ்சம் காய்ந்தால் போதும், உள்ளிருக்கும் நீரை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். ஜாடியில் ஈரத்துணி வைத்திருப்பது அதற்குத்தான். அடுத்த தட்டில் பஞ்சு உருண்டை போல இருப்பதும், பட்டு நூலை அடுக்கியது போல இருப்பதும் ஒரே கனிமம், யூலெக்சைட். கீழே கடுகளவில் சின்னச் சின்னக் கனசதுரங்களாக இருப்பது போராசைட். சிறியது என்பதால் யாரும் பார்ப்பதில்லை. லென்ஸ் தருகிறேன், பிறகு பாருங்கள்.

என் தங்கை ஸ்டேஷனில் உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் சுரங்கத்தில் நிலவியலாளர். எந்தப் பாறை நிற்கும், எது விழும் என்று சொல்வது என் வேலை. நான் சொன்னால் வெட்டுவார்கள், வேண்டாம் என்றால் நிறுத்துவார்கள். வெட்டியதெல்லாம் அரவைக்குப் போகும். கோடி ஆண்டுகள் இருட்டில் இருந்த படிகம் எங்களிடம் வந்து மாவாகி, மூட்டையில் வெளியே போகும். அங்கே யாருக்கும் அதில் வருத்தமில்லை. எனக்கு இருந்தது.

தங்கையின் கணவர் அதே சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிறவர். நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதைக் கேட்டு மற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள், மேஸ்திரி உட்பட. கிண்டல்காரர். ஒருமுறை யூலெக்சைட்டைச் செய்தித்தாள் மேல் வைத்துக் காட்டினேன். அடியில் இருக்கும் எழுத்து கல்லின் மேல்பரப்பில் தெரியும். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதே மாதிரி ஒண்ணு குடுங்க மச்சான். உங்க தங்கச்சி தலைமேல வச்சுப் பாக்கணும். உள்ள என்ன ஓடுதுன்னே தெரிய மாட்டேங்குது."

"உங்க தலையில வச்சா கீழ இருக்கிற தலகாணிதான் தெரியும்," என்றாள் தங்கை.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாறைக்குள் இருந்த பொந்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சுரங்கத்தில் இரண்டு பாதைகள் ஓரிடத்தில் நெருங்கி வரும். நடுவில் ஒரு பாறைச் சுவர். அதில் அவர் துளை போட்டபோது, ஒரு முழம் போனதும் கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. வேறு யாரிடமும் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டார். கோழிமுட்டை நுழையும் ஓட்டை. டார்ச்சை ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒருவர் குனிந்து உட்காரக்கூடிய இடம். தரை, சுவர், கூரை எங்கும் கோல்மனைட், இதே வெங்காரக் குடும்பத்துக் கனிமம். கைப்பிடி அளவுப் படிகங்கள். தண்ணீர் போலத் தெளிவு. ஒவ்வொன்றும் ஒரு திசையில் கூர் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு முனைகூட உடையவில்லை. நான் போன எந்த அருங்காட்சியகத்திலும் அப்படி ஒன்று இல்லை.

மாப்பிள்ளை களிமண்ணைப் பிசைந்து ஓட்டையை அடைத்தார்.

"நமக்குள்ளயே இருக்கட்டும் மச்சான். இந்தப் பக்கம் வேலை முடிஞ்சு மூடறப்ப, பொறுமையா எடுத்துக்கலாம்."

பிறகு அவரை அடுத்த பாதைக்கு மாற்றினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம்.

அங்கே கூரை இறங்கியபோது மற்றவர்கள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அவர் மட்டும் பாதை முடியும் இடத்தில் மாட்டிக்கொண்டார். அடிபடவில்லை. காற்றுக் குழாய் உடையாமல் இருந்ததால் மூச்சுக்குப் பஞ்சமில்லை, அதன் வழியே பேசவும் முடிந்தது. ஆனால் மேலே இருந்தது களிப்பாறை. ஒருமுறை இறங்கினால் மறுபடியும் இறங்கும். எப்போது என்று சொல்ல முடியாது.

அவரிடம் போக இரண்டு வழி. விழுந்த மண்ணை முன்னாலிருந்து அள்ளி, முட்டுக் கொடுத்துக்கொண்டே போகலாம். அது மறுநாள் வரை இழுக்கும். இல்லையென்றால் பக்கத்துப் பாதையிலிருந்து சுவரைக் குடையலாம். மேஸ்திரி இரண்டாவதைச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் இயந்திரத்தைக் கொண்டுவந்து சுவருக்கு எதிரே நிறுத்திவிட்டார்.

கோல்மனைட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு திசையில் சுத்தமாகப் பிளக்கும். அதிர்ந்தால் சீட்டுக்கட்டு போல விலகிவிடும். இயந்திரம் சுவரில் பட்டால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. எனக்கு யோசிக்க அவகாசம் இருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது.

"சுவர்ல கை வைக்காதீங்க," என்றேன். "உள்ள ஈரம். குடைஞ்சா ரெண்டு பக்கமும் சேந்து உக்காந்துடும்."

"பாத்தா காஞ்ச பாறையாத்தானே சார் இருக்கு? தட்டினா கணீர்னு கேக்குது."

அடைத்திருந்த இடத்தில் விரலை விட்டுக் கொஞ்சம் தோண்டினேன். ஈரக் களிமண் வந்தது. மேஸ்திரியின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை உருட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை பிசைந்து வைத்த மண். சுரங்கத்துக் காற்றில் காயாமல் இருந்தது.

"நீங்க சொன்னா சரி சார்," என்று இயந்திரத்தைத் திருப்பச் சொன்னார்.

குழாயில் பேசுவதை நானே எடுத்துக்கொண்டேன். சொந்தக்காரன் குரல் கேட்டால் தைரியமாக இருக்கும் என்றேன். எல்லாரும் ஒப்புக்கொண்டு மண் அள்ளப் போனார்கள்.

"மச்சான், எந்தப் பக்கமா வர்றாங்க?"

"முன்பக்கம்."

அவர் சுவரைத் தட்டிப் பார்ப்பது குழாயில் கேட்டது.

"நான் நம்ம பொந்துக்கு நேர் பின்னாலதான் இருக்கேன். அது வழியா வரச் சொல்லுங்க. கல்லு போனா போகுது மச்சான், வேற கிடைக்கும்."

வேறு கிடைக்காது. அவருக்கு அது தெரிய நியாயமில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"சுவர் ஈரமாயிடுச்சு மாப்ளே. குடைஞ்சா உங்க மேலயே விழும். பொறுங்க."

"ஈரமா? அதுலதான் சாஞ்சு உக்காந்திருக்கேன். காஞ்சுல்ல கிடக்கு."

"உங்க பக்கம் அப்படி இருக்கும்."

அவர் சிரித்தது குழாயில் கேட்டது.

"சரிதான். நீங்க பாறைய புஸ்தகத்துல படிச்சவரு, நான் முதுகால படிக்கிறவன். மச்சான், அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க, பயந்துடுவா. ஓவர்டைம்னு சொல்லுங்க."

தங்கையிடம் ஓவர்டைம் என்றே சொன்னேன். அவர் கேட்டதை நான் செய்யாமல் விட்டதில்லை, அந்த ஒன்றைத் தவிர.

மாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் கூரை இரண்டாம் முறை இறங்கியது. மண் அள்ளுகிறவர்கள் பாதித் தூரம்கூட வரவில்லை. நான் குழாயில் கூப்பிட்டேன். பிறகும் கூப்பிட்டேன். அதன்பின் வாயை எடுத்துவிட்டேன்.

நிறுவனம் நடத்திய விசாரணையில் ஈரச் சுவரைப் பற்றிச் சொன்னேன். மேஸ்திரியும் தன் கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்ததாகச் சொன்னார். தங்கை பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரை யாரும் போய்ச் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டியவன் நான்.

அந்தப் பகுதியை மூடுவதற்கு முன்னால் கடைசி ஆய்வு என்று தனியாகப் போனேன். உளி, சுத்தியல், மூங்கில் சீவல், சுற்றி எடுக்கப் பழைய போர்வைகள். இயந்திரம் எதுவும் இல்லை. சுவர் காய்ந்த, நல்ல பாறை. பொந்தின் வாயை ஆள் நுழையும் அளவு திறந்து முடித்தபோது பிளாஸ்க்கில் இருந்த டீ சூடு குறையவில்லை. குடித்துவிட்டு உள்ளே போனேன்.

ஒரு முனைகூட உடையாமல் எல்லாவற்றையும் எடுத்தேன். கடைசிக் கொத்து பின்சுவரில் ஒட்டியிருந்தது. அதையும் எடுத்தபின் விரலை மடக்கிச் சுவரில் தட்டினேன். பலகையில் தட்டியது போலக் கேட்டது. அந்தப் பலகைக்கு அப்பால்தான் அவர் முதுகு சாய்ந்திருந்தது.

ஆம். அவரை வெளியே எடுத்திருக்கலாம். நான்தான் தடுத்தேன். நீங்கள் அதைக் கொலை என்று எழுதினால் எனக்கு ஆட்சேபணையில்லை. கூடவே இதையும் எழுதுங்கள்: துளை போட அடுத்த வாரமே புது ஆள் வந்துவிட்டார். அந்தப் பொந்துக்கு மாற்று எங்கேயும் இல்லை.

நடுத்தட்டில் இருப்பது அதுதான். துணியை விலக்குகிறேன், பாருங்கள். பக்கத்தில் உள்ள விவரச் சீட்டில் 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயரைப் போட்டிருக்கிறேன். என் பெயர் எங்கும் இல்லை. அவருக்காக வேறு யார் இவ்வளவு செய்திருக்கிறார்கள்?

தங்கைக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நேற்று நானே அழைத்துவந்து காட்டினேன். என் கல் எதையும் அவள் இதுவரை நின்று பார்த்ததில்லை. இதைப் பார்த்தாள். அலமாரிக் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுதானா அந்தப் பொந்து? ராத்திரி சாப்பிடறப்பல்லாம் இதையேதான் சொல்லிட்டிருப்பாரு. சுவத்துக்குள்ள இருக்குன்னு."

"இதுதான்."

"யாரு எடுத்துக் குடுத்தா?"

"யாரும் இல்ல. தனியாத்தான் எடுத்தேன். வெறும் உளிய வச்சு." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சுண்ணா?"