ஜன்னலில் காட்டாத கை

டீக்கு நன்றி ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். உங்கள் அட்டெண்டரைக் கூப்பிட்டுச் சொல்லி வையுங்கள். நானும் பள்ளிக்கூடத்து அட்டெண்டர்தான், குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நான் அதிகம் படித்தவனில்லை. என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதுகிற வேகத்தைப் பார்த்தால், நான் சொல்லாததையும் சேர்த்து எழுதுகிறீர்களோ என்று சந்தேகம் வருகிறது. எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கூடப்பிறந்த தம்பியிடமும் இப்படித்தான் கேட்பேன்.

தீயணைப்பு ஒத்திகை அன்று ஸ்பெஷல் டீச்சர் ஏன் தன் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டி வரவில்லை என்று கேட்கிறீர்கள். ஒத்திகை இருப்பதே அவருக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மற்றப் பிள்ளைகளைப் போலப் பேசவோ படிக்கவோ முடியாத பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர் அவர். அவருடைய அறை சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மற்ற டீச்சர்கள் கெட்டவர்கள் இல்லை. குடையை மறப்பது போல அவரை மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். தங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அடங்காமல் கத்தினால் உடனே நினைவு வந்துவிடும், கையைப் பிடித்துக் கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவார்கள். எல்லா டீச்சர்களும் சேர்ந்து போட்டோ எடுத்தார்கள். அது சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டிய பிறகுதான் இவர் பார்த்தார்.

"பெரியப்பா, இது எப்ப எடுத்தாங்க? நான் எங்க நிக்கிறேன்னு தேடிட்டிருக்கேன்" என்று சிரித்தார். என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்.

பள்ளிக்கூடத்தில் பெல் மாட்டின கதையும் அப்படித்தான். என் வகுப்புக்கு மேல் வேண்டாம், காது போய்விடும் என்று ஒவ்வொரு டீச்சரும் கூட்டத்தில் சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஸ்பெஷல் டீச்சரை யாரும் கூப்பிடவில்லை. ஆகவே பெல் நேராகப் போய் அவர் வாசலுக்கு மேல் உட்கார்ந்துகொண்டது.

அவருடைய பிள்ளைகளுக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. அதிலும் ஒரு பெண் குழந்தை, எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும், பம்பரம் என்று கூப்பிடுவோம். பெல் அடித்தால் சுவரில் போய் மோதிக்கொள்ளும். அதற்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெல்லை அமுக்குவதற்கு முன் நான் ஜன்னல் பக்கம் போய் உள்ளங்கையைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் வரிசையாகக் காதைப் பொத்திக்கொள்ளும். பிறகு நான் நடந்து வந்து ஆபீஸ் வாசலில் இருக்கும் சுவிட்சை அமுக்குவேன். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஒரு மந்திரி கை காட்டினாலும் இவ்வளவு ஒழுங்காக யாரும் கீழ்ப்படிய மாட்டார்கள். பேச்சே வராத பம்பரம் ஒருநாள் என் கையைப் பார்த்து "டிங்" என்றது. அதன் அம்மா அன்றைக்கு வாசலில் நின்று அழுத அழுகையைப் பார்த்து, ஏதோ திட்டிவிட்டார்களோ என்று நினைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துச் செய்தி எல்லாம் டீச்சர்களின் போன் குரூப்பில் போய்விடும். இவர் அதில் இல்லை. அதனால் நான்தான் போய்ச் சொல்வேன். நாளைக்கு அரை நாள், நாளை மறுநாள் மீட்டிங் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். என் தலையைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். என் வீட்டில் நான் உள்ளே நுழைந்தால் டிவி சத்தத்தைக் கூடக் குறைக்க மாட்டார்கள்.

போன வருடம் புது தலைமையாசிரியை வந்தார். நல்ல மாதிரி. ஸ்பெஷல் டீச்சரையும் குரூப்பில் சேருங்கள் என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டார். கிளார்க் என்னைக் கூப்பிட்டு நம்பர் வாங்கி வரச் சொன்னான்.

"அவங்களுக்கு வேணாமாம்ப்பா. போன் கத்தினா பிள்ளைங்க மிரளுதாம். நான் போய்ச் சொல்லிக்கிறேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்று அவன் வடையை எடுத்தான். ஒரு வேலை குறைந்தால் அவனுக்கு அன்றைக்குப் பண்டிகை.

டீச்சரிடம் போய், "கேட்டுப் பாத்தேம்மா. குரூப்ல இடமில்லைன்னுட்டாங்க" என்றேன்.

"இடமில்லையா? அது என்ன பஸ்ஸா, பெரியப்பா?" என்றார். சிரித்தாரே தவிர, அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த குரூப்பில் வருவதெல்லாம் பாதி வீண் பேச்சு ஐயா. பிறந்தநாள், பூப்படம், யாரோ மாமனாரின் ஆபரேஷன். அதையெல்லாம் சலித்து, தேவையானதை மட்டும் நான் கொண்டு போனேன். எது தேவை என்று எனக்குத் தெரியும். சில நாள் அவர் என்னைக் கவனிக்காமல் வேலையாக இருந்தால், தேவையானதும் கொஞ்சம் தாமதமாகும். மனிதன்தானே.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் அவர் சந்தோஷமாக வந்தார்.

"பெரியப்பா, உங்க முழங்கால் வலிக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன். ரூமுக்குள்ள ஒரு சின்ன பல்பு மாட்டச் சொல்லப் போறேன். ஆபீஸ்ல இருந்தே ஒரு சுவிட்சைப் போட்டா இங்க எரியும். பிள்ளைங்க காதைப் பொத்திக்கும். நீங்க இவ்வளவு தூரம் நடக்கவே வேணாம்."

"ரொம்ப நல்லதும்மா" என்றேன்.

பல்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பல்பு என்பது கண்ணாடி, ஐயா. பிள்ளைகள் கண்ணாடியை நம்பக் கூடாது, மனிதனைத்தான் நம்ப வேண்டும். இதை டீச்சருக்கு வாயால் சொன்னால் புரியாது, படித்தவர். ஒருதரம் பட்டால்தான் புரியும் என்று நினைத்தேன்.

ஒத்திகைக்கு முந்தின நாள், ஸ்பெஷல் ரூமுக்கு மறக்காமல் சொல்லுங்கள் என்று தலைமையாசிரியை என்னிடம் சொன்னார். நான் மறக்கவில்லை. சொல்லவில்லை.

மறுநாள் வழக்கம் போல ஜன்னலுக்குப் போனேன். பம்பரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. டீச்சரும் பார்த்தார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். சும்மா வந்தேன் என்பது போலத் தலையை ஆட்டினேன். டீச்சர் சிரித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். நான் வந்து சுவிட்சை அமுக்கினேன். ஒத்திகைக்கு விடாமல் அடிக்க வேண்டும் என்றிருந்தார்கள். அவர்கள் போதும் என்று கை காட்டிய பிறகும் கொஞ்ச நேரம் நான் விரலை எடுக்கவில்லை.

இரண்டு பிள்ளைகள் மேஜைக்கு அடியில் போய்விட்டன. டீச்சர் இரண்டைக் கட்டிப் பிடித்திருந்தார். அவருக்கும் இரண்டு கைதானே. பம்பரம் வெளியே ஓடியது. ஒத்திகை என்பதால் எல்லா கேட்டும் திறந்திருந்தது. தெருவில் வந்த தண்ணீர் லாரிக்காரன் கெட்டிக்காரன், பிரேக்கை மிதித்துவிட்டான். கால் மட்டும்தான் ஒடிந்தது. எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். அந்த "டிங்"தான் திரும்பவில்லை. பள்ளிக்கூடம் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தாலே தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறதாம். அதன் அம்மா என்னிடம்தான் வந்து சொல்லி அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

குரூப்பில் போட்டோமே, எல்லாருக்கும் தெரியுமே என்று மற்றவர்கள் சொல்ல, பழி டீச்சர் தலையில் விழுந்தது. வேலையே போய்விடும் என்கிறார்கள். நேற்று அவர் உங்கள் முன்னால் என்ன சொன்னார் என்று கேள்விப்பட்டேன். "பெரியப்பா சொல்லாம விட்டிருக்க மாட்டார். நான்தான் கவனிக்காம இருந்திருப்பேன்" என்றாராம். அது பொய். அவர் கவனிக்காமல் இருக்கிறவர் இல்லை. அதனால்தான் நானாக வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். செய்தது நான், தெரிந்தே செய்தேன் என்று அதன் கீழே எழுதுங்கள்.

சரி, படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அவருடைய வேலை பிழைத்தது என்ற சேதியை நீங்கள் போனில் அனுப்பிவிடாதீர்கள். பாவம், பதறிப் போவார். என் கையில் கொடுங்கள், நானே போய்ப் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன்.